கப்பலைக் கண்டார், ஊரைக் காணார்!

அமெரிக்காவின் தென்கோடியில், அலபாமா மாநிலத்து மொபீல் ஆற்றின் சேற்றடியில் கிடந்த கப்பல் ஒன்றின் எரிந்த உடற்பகுதி 2019-ஆம் ஆண்டு மே திங்களில் அடையாளங் காணப்பட்டது. ‘குளோட்டில்டா’ என்பது அதன் பெயர். ஆப்பிரிக்காவிலிருந்து அமெரிக்காவுக்கு அடிமைகளை ஏற்றிவந்ததாக அறியப்பட்ட கப்பல்களுள் இறுதியானது அதுவே. முக்குளிப்போர் அதனைத் தொட்டுப் பார்த்தனர். ஆய்வாளர் அளந்து பார்த்தனர். பலகையின் மரவகையையும் ஆணியின் இரும்பையும் ஆராய்ந்து, ‘இஃது அதுவே’ என முடிவுரைத்தனர். உலகின் மூலை முடுக்கெல்லாம் அது செய்தியாயிற்று.

நல்ல பணியே, குறை கூறுதற்கில்லை. ஆயின், அக்கப்பலின் வயிற்றில் அடைக்கப்பட்டு வந்தவர்கள் தம் கையால் கட்டிய ஊர் ஒன்று, அதே மொபீல் நகருக்கு வடக்கே மூன்று கல் தொலைவில், எந்த முக்குளிப்பும் வேண்டாமல் கண்ணெதிரே நிற்கின்றதே! அதனைக் கண்டவர் எத்துணையர்? செத்த மரத்துக்கு வாய்த்த பெருமை உயிருள்ள ஊருக்கு வாய்க்கவில்லை என்பதை அறிந்தோர் எத்துணையர்?

ஊரின் பெருமையை உணர, முதலில் கப்பலின் சிறுமையை உணர வேண்டும். கடல் கடந்து அடிமைகளைக் கொண்டுவருதல் 1808 முதலே அமெரிக்கச் சட்டப்படி குற்றம். 1820-இல் அது கடற்கொள்ளைக்கு ஒப்பான குற்றமாக்கப்பட்டது. தூக்கே அதற்குரிய தண்டனை. சட்டம் ஏட்டில் கிடந்தது. வெள்ளை முதலாளியர் நெஞ்சில் அதற்கு இடமில்லை. கப்பல் கட்டுவோனும் ஆலை முதலாளியுமான திமோத்தி மீகர் என்பான், அரசின் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு அடிமைகளைக் கொணர்ந்து இறக்கிக் காட்டுவதாகப் பந்தயம் கட்டினான். ஆம், பந்தயம்! நூற்றுக்கு மேற்பட்ட மாந்தர்தம் வாழ்வு இருவர் மூவர் வீம்புக்குப் பொருளாயிற்று. வில்லியம் பாசுட்டர் என்னும் கப்பல் தலைவன் ஒன்பதாயிரம் தாலர் மதிப்புள்ள பொன்னோடு மேற்கு ஆப்பிரிக்காவின் உவிதா துறைமுகத்துக்குச் சென்றான். அங்கே தகோமி அரசன் போரில் பிடித்து அடைத்து வைத்திருந்தவருள், ஆணும் பெண்ணும் சிறாருமாக ஏறத்தாழ 110 பேரை ஏற்றிக்கொண்டு, 1860 சூலையில் மொபீல் கழிமுகத்துக்குத் திரும்பினான். இரவோடிரவாக அவர்களை இறக்கி நாணற் சதுப்பில் மறைத்துவிட்டுக் கப்பலுக்குத் தீ வைத்தான். குற்றத்தின் சான்று ஆற்றில் அமிழ்ந்தது.

மீகர் மேல் வழக்கு வராமலில்லை. வந்த வழி தெரியாமல் 1861-இல் அது தள்ளுபடியாயிற்று. பாசுட்டருக்குக் கிடைத்தது ஆயிரம் தாலர் தண்டம். அதுவும் எதற்காக? மாந்தரைக் கடத்தியதற்காக அன்று. கப்பல் வந்து சேர்ந்ததைச் சுங்கத்தாருக்கு அறிவிக்கவில்லை என்பதற்காக!

இவ்விடத்தில் ஒரு சாரார் குறுக்கிட்டு, ‘விற்றவனும் கருப்பன்தானே’ என்பர். ஆம்; தகோமி அரசன் கருப்பன்தான். அவன் செய்தது கொடுமையே, மறைக்க வேண்டியதில்லை. ஆனால், விற்பவன் ஒருவன் இருந்தான் என்பதால் வாங்கியவன் குற்றம் கழிந்துபோமோ? இக்கேள்விக்கு அவ்வூர் மக்களே தம் செயலால் விடை கூறினர். அதனைப் பின்னர்க் காண்போம்.

ஐந்து ஆண்டுகள் அவர்கள் மீகர் உடன்பிறந்தாரின் வயல்களிலும் ஆற்றுக் கப்பல்களிலும் அடிமைகளாய் உழைத்தனர். சிலர் அலபாமாவின் உட்பகுதிக்கு விற்கப்பட்டுப் பிரிந்தனர். ஆற்றுக் கப்பலுக்கு விறகு சுமந்தவருள் ஒருவன் கொசுலா. பிடிபட்டபோது அவனுக்கு அகவை பத்தொன்பது. அவன் பெயரை மீகர் குடும்பத்தானால் ஒலிக்க இயலவில்லை. ஆள்பவன் நாக்கு வளையாவிட்டால் ஆளப்படுபவன் பெயர்தான் வளைய வேண்டும். இஃது எந்நாட்டிலும் உள்ள வழக்கு. ஆயினும் கொசுலா, அவர்கள் பெயர் இடட்டும் என வாளாவிருக்கவில்லை. ‘கட்சோ’ என்று அழைக்கலாமே எனத் தானே ஒரு பெயரைத் தந்தான். திங்கட்கிழமை பிறந்த ஆண்மகவுக்கு மேற்கு ஆப்பிரிக்காவில் சில இனத்தார் இடும் பெயர் அது. விலங்கு பூட்டப்பட்ட நிலையிலும், தன்னை எப்பெயரால் விளிக்க வேண்டும் என்பதை அவ்விளைஞன் தன் கையில் வைத்துக்கொண்டான்.

1865 ஏப்பிரலில் வடபுலப் படையினர் சிலர், கப்பல் நின்ற கரையிலிருந்த முசுக்கட்டை மரங்களில் பழம் பறிக்க வந்தனர். அங்கிருந்த கருப்பின மக்களைப் பார்த்து, இனி நீங்கள் எவர்க்கும் அடிமையர் அல்லர் என்றனர். ‘எங்கே போவது?’ என இவர்கள் கேட்க, ‘விரும்பிய இடத்துக்கு’ என்றனர் அவர்கள். பழம் பறிக்க வந்தோர் வாய்ப்பேச்சாய் வந்தது விடுதலை!

விரும்பிய இடம் ஒன்றே ஒன்று, தாய்மண். ஊர் திரும்பக் கப்பற் கூலி சேர்க்க முனைந்தனர், சேரவில்லை. தம்மைக் கொணர்ந்தவனிடமே நிலம் கேட்பதென முடிவு செய்தனர். தமக்காகப் பேசக் கொசுலாவைத் தெரிந்தனர். ஒருநாள் மரம் வெட்டுமிடத்துக்கு மீகர் வந்தபோது கொசுலா தன் துயரை எடுத்துரைத்தான். எங்கள் நாட்டில் எங்களுக்கு நிலமிருந்தது. நீ எங்களை இங்குக் கொணர்ந்தாய். ஐந்தாண்டு கூலியின்றி உழைத்தோம். இப்போது எமக்கு நாடுமில்லை, நிலமுமில்லை. கொஞ்சம் நிலம் கொடு என்பது அவன் கோரிக்கையின் சாரம். மீகர் சீறி எழுந்தான். அடிமைகளாக இருந்தபோது நன்றாகத்தானே வைத்திருந்தேன், உங்களுக்கு எதற்கு நான் நிலம் தரவேண்டும் என்றான்.

கொடாதவனிடம் விலைக்கு வாங்கினர். ஆடவர் மர அறுவை ஆலைகளில் உழைத்தனர்; மகளிர் காய்கறி பயிரிட்டு மொபீல் நகருக்குச் சுமந்து சென்று விற்றனர். குறைய உண்டு கூலியைச் சேர்த்தனர். மீகர் குடும்பத்தாரிடமும் பிறரிடமும் சிறிது சிறிதாக நிலம் வாங்கினர். கொசுலா 1872-இல் நூறு தாலர் கொடுத்து ஏறத்தாழ இரண்டு ஏக்கர் வாங்கினான். அடிமை விடுதலைக்குப்பின் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கருப்பின மக்கள் எழுப்பிய ஊர்கள் பல. ஆனால், ஆப்பிரிக்காவில் பிறந்தவர்களே கூடித் தம் பொருளால் மண் வாங்கி எழுப்பிய ஊர் என்னும் தனிப்பெருமை இதற்கு உண்டு. ஆப்பிரிக்காவுக்குப் போக முடியவில்லை. ஆகவே இருந்த இடத்திலேயே ஓர் ஆப்பிரிக்காவை ஆக்கினர். ஊர்க்கு ‘ஆப்பிரிக்கர் ஊர்’ எனப் பெயரிட்டனர். நிலப்படம் வரைந்தவர்கள் ‘மேட்டுநிலம்’ எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லால் அவ்விடத்தைக் குறித்தனர். மேடு என்பது மண்ணின் வடிவைத்தான் கூறும். அதில் குடியிருப்போர் யாவர் என்பதைக் கூறாது. மக்கள் இட்ட பெயரோ ஒரு வரலாற்றையே சொல்லும்.

இங்குதான் முன்னர் எழுந்த கேள்விக்கு விடை உள்ளது. ஊர் என்றால் தலைவன் வேண்டும். அவர்கள் யாரைத் தலைவனாகத் தெரிந்தனர் தெரியுமா? கும்பா என்பவரை. கும்பா தகோமி நாட்டவர்; தம்மைப் பிடித்து விற்ற அரசனின் உறவினர்! அவரும் விற்கப்பட்டு அதே கப்பலில் வந்தவர். அரசன் செய்த குற்றம் அரசனோடு; இவர் எம்மோடு துன்புற்றவர் என்று அவ்வெழுத்தறியா மக்கள் பகுத்துணர்ந்தனர். சார்லி லூயிசு, சாபா சேடு என்னும் இருவரை வழக்குத் தீர்ப்போராக அமர்த்தினர். களவு கூடாது, குடித்துத் திரிதல் கூடாது எனத் தமக்குள் முறை வகுத்தனர். 1872-இல் தமக்கெனக் கிறித்தவக் கோயில் ஒன்றை எழுப்பினர். நான்காண்டு கழித்து இடுகாடு அமைத்தனர். 1880-இல் பள்ளி தொடங்கினர். அமெரிக்காவில் பிறந்த கருப்பின மக்களும் பின்னர் வந்து அவர்களோடு கலந்தனர்.

அவர்கள் அனைவரும் ஒரே மொழியினர் அல்லர். யோருபா பேசினோர் பலர். வேறு மொழியினரும் இருந்தனர். ஆயினும் தமக்குள் ஆப்பிரிக்க மொழியிலேயே நெடுநாள் பேசிவந்தனர். பிள்ளைகளுக்கு இரண்டு பெயர் இட்டனர். ஒன்று அமெரிக்கப் பெயர், மற்றொன்று தாய்நாட்டுப் பெயர். கொசுலாவின் மூத்த மகனுக்கு வாய்த்த யோருபாப் பெயருக்குத் ‘துன்பம் பட்டேன்’ என்பது பொருள். வெளியார்க்கு ஒரு பெயர், வீட்டுக்கு ஒரு பெயர் என வாழ்ந்தமை அவர்தம் நெஞ்சுரத்தையும் காட்டும். அவர்க்கு நேர்ந்த நெருக்கடியையும் காட்டும்.

நெருக்கடி வெள்ளையரிடமிருந்து மட்டும் வரவில்லை. அக்கம்பக்கத்துக் கருப்பினத்தார் சிலரே அவர்களைக் காட்டாள்கள் என எள்ளினர். கப்பலேற்றுமுன் அவர்தம் ஆடைகளைப் பறித்துவிட்டனர் கொடியோர். அமெரிக்கக் கரையில் ஆடையின்றி இறங்கியவர்களைப் பார்த்தோர், ‘இவர்கள் ஆப்பிரிக்காவில் ஆடையே உடுத்தாதவர்கள்’ என்றனர். ஆடையைப் பறித்தவனை விட்டுவிட்டு, பறிகொடுத்தவனைக் காட்டாள் என்ற அந்தப் பழி கொசுலாவின் நெஞ்சில் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் ஆறாப் புண்ணாய் இருந்தது.

1868-இல் கொசுலாவும் முறைப்படி அமெரிக்கக் குடிமகனானான். 1874-ஆம் ஆண்டுத் தேர்தலில் அவனும் தோழர் சிலரும் வாக்களிக்கச் சென்றனர். தனக்கு வேண்டிய கட்சிக்கு வாக்களிக்க மாட்டார்கள் என அறிந்த மீகர், குதிரையேறி அவர்கள் சென்ற சாவடிதோறும் முந்திச் சென்று தடுத்தான். அவர்கள் மொபீல் நகர்வரை நடந்து சென்று, அங்கே ஆளுக்கொரு தாலர் கட்டி வாக்களித்தே திரும்பினர்.

கொசுலாவுக்கும் அவன் மனைவி அபிலேவுக்கும் பிள்ளைகள் அறுவர். அறுவரும் தந்தைக்கு முன்னரே மாண்டனர். ஒரு மகனைக் காவல் அலுவலன் ஒருவன் சுட்டுக் கொன்றான். 1902-இல் கொசுலாவைத் தொடர்வண்டி மோதிப் படுகாயப்படுத்தியது. வழக்குத் தொடுத்தான், வெள்ளையர் மட்டுமே அமர்ந்த நடுவர்குழு 650 தாலர் இழப்பீடு தரத் தீர்ப்பளித்தது. அலபாமா உச்ச வழக்குமன்றம் அதனைத் தள்ளிற்று. ஒரு காசும் அவன் கைக்கு வரவில்லை. உழைக்க இயலாதவனுக்கு ஊரார் கோயில் மணியடிக்கும் பணியைத் தந்தனர். 1908-இல் அபிலேயும் மறைந்தார்.

இந்நிலையில் அவரைத் தேடி வந்தவர் சோரா நீல் அர்சுட்டன் என்னும் கருப்பின எழுத்தாளர். 1927-இல் அவர் வெளியிட்ட முதற்கட்டுரையின் பெரும்பகுதி, எம்மா லாங்டன் ரோச் என்பவர் 1914-இல் வெளியிட்ட நூலிலிருந்து எடுத்ததே என்பது பின்னாளில் வெளிப்பட்டது. அதனை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. ஆனால், அவர் மீண்டும் வந்தார். திங்கள் கணக்கில் அவ்வூரில் தங்கினார். பழங்கள் கொணர்ந்து கொடுத்து, முதியவர் பேச விரும்பியபோது கேட்டும், விரும்பாதபோது வாளாவிருந்தும் உரையாடினார். வாயிலில் நின்று ‘கொசுலா’ என அவர் அழைத்தபோது முதியவர் கண்ணீர் வடித்தார். கடலுக்கு இப்பால் அப்பெயரால் தம்மை அழைப்பார் இல்லையே என்பது அவர் ஏக்கம். எவரேனும் ஒருநாள் ஆப்பிரிக்க மண்ணில் தம் பெயரைச் சொல்லக்கூடும், அங்கே ஒருவர் ‘ஆம், அறிவேன்’ எனக்கூடும் என்னும் நம்பிக்கையால் தம் வரலாற்றைச் சொல்ல இசைந்தார். படம் பிடிக்க வேண்டுமென்றபோது நல்லாடை உடுத்துவந்தவர், காலணியைக் கழற்றிவிட்டு வெறுங்காலுடன் நின்றார். தம் மண்ணில் நிற்பதுபோல் படத்தில் தோன்ற வேண்டுமாம்!

1931-இல் அர்சுட்டன் நூலை எழுதி முடித்தார். கொசுலா பேசியது எப்படியோ அப்படியே, அவர் வாயில் உருப்பெற்ற உடைந்த ஆங்கிலத்திலேயே அதனை எழுதியிருந்தார். பதிப்பகத்தார் கேட்டது என்ன? இப்பேச்சை மாற்றி ‘மொழி’யில் எழுதித் தருக என்றனர்! அம்முதியவர் பேசியது மொழியன்று எனின் பின் எது? தாய்மொழியைப் பறித்தார்கள், பறித்தபின் தம் மொழியை அரைகுறையாய்க் கற்க விட்டார்கள், அவ்வரைகுறையிலும் ஒருவன் தன் துயரைப் பிழிந்து சொன்னால், அதுவும் மொழியன்று என்பார்கள். அர்சுட்டன் ஓர் எழுத்தையும் மாற்ற மறுத்தார். நூல் முடங்கிற்று. 1935-இல் கொசுலா இறந்தார். 1960-இல் அர்சுட்டன் வறுமையில் இறந்தார். அவர் கல்லறைக்குப் பெயர்ப்பலகையும் 1973 வரை இல்லை. நூல் வெளிவந்தது 2018-இல். எண்பத்தேழு ஆண்டு கழித்து! ஆற்றடியில் கிடந்த கப்பலைக் காட்டிலும் ஏட்டடியில் கிடந்த அக்குரலே பெரிய கண்டுபிடிப்பு எனின் மிகையாகாது.

ஊர் என்னாயிற்று? இருபதாம் நூற்றாண்டில் வளர்ந்தது. 1960-களில் ஏறத்தாழப் பன்னீராயிரம் பேர் வாழ்ந்தனர். கடைகள், உணவகங்கள், படக்கொட்டகை என எல்லாமே அவர்களுடையவை. 1969-இல் அமெரிக்க அடிபந்தாட்ட உலகத் தொடரை வென்ற நியூயார்க்கு அணியின் கிளியோன் சோன்சு இவ்வூர்ப் பள்ளியில் பயின்றவர். ஆட்டத்தை விட்டபின் ஊர் திரும்பிப் பழுதான வீடுகளைச் செப்பனிடலானார்.

ஆனால், ஊரைச் சுற்றியிருந்த நிலம் ஊராரிடம் இல்லை. 1920-களின் இறுதியில் அந்நிலத்தில் ஒரு மாபெரும் தாளாலை எழுந்தது. பின்னர் மற்றொன்றும் வந்தது. வேலை கிடைத்தது, உண்மையே. கூடவே நாற்றமும் வந்தது. காயவைத்த துணிமேல் சாம்பலும் விழுந்தது. நூற்றாண்டு முடியும் தறுவாயில் ஆலைகள் மூடப்பட்டன; வேலை போயிற்று; நச்சு மண்ணில் தங்கியதென ஊரார் 2017-இல் வழக்குத் தொடுத்தனர்; அது பின்னர் உடன்பாட்டில் முடிந்தது. ஆலைகள் போனபின், எண்ணெய்த் தொட்டிகள் ஊரருகே பெருகுவதை எதிர்த்தும் அவர்கள் போராட வேண்டியிருந்தது.

இடையே நெடுஞ்சாலையும் வந்தது. ஊரின் கடைத்தெருவை இடித்து அகலச் சாலை அமைத்தனர். 1991-இல் ஆற்றின்மேல் புதிய பாலம் திறந்தனர். கடைத்தெருவை அழித்துவந்த அப்பாலத்துக்கு இட்ட பெயரில் அவ்வூரின் பெயரையும் சேர்த்தனர்! ஊரை வெட்டிய கத்தியின் பிடியில் ஊர்ப்பெயரைச் செதுக்குவது போன்றது இது. இவையனைத்தும் சேர்ந்து, பன்னீராயிரமாய் இருந்த மக்கள்தொகை இரண்டாயிரம் அளவுக்குச் சுருங்கிற்று. 

மீகர் குடும்பம் சுருங்கவில்லை. அலபாமாவில் அரசுப் பூங்கா ஒன்று அக்குடும்பப் பெயரைத் தாங்கி நிற்கின்றது. ஊரைச் சூழ்ந்த நிலத்தில் பெரும்பரப்பு அம்மரபினர் உடைமையாகவே தொடர்ந்ததைக் கப்பல் கிடைத்த ஆண்டுகளில் செய்தியாளர்கள் எடுத்துக்காட்டினர். 2022-இல் அக்குடும்பத்தார் இருவர், தம் மூதாதை செய்தது தீமையே என வெளிப்படையாக ஒப்பினர். நூற்று அறுபத்திரண்டு ஆண்டு கழித்து வந்த அச்சொல்லையும் வேண்டாமென்று தள்ளுதற்கில்லை. ஆனால் சொல்லை உழுது பயிரிட முடியாது.

2023 சூலையில் ஆப்பிரிக்கர் ஊரில் ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. கப்பலின் மரத்துண்டுகள் சில அங்கே நீர்த்தொட்டியில் வைக்கப்பட்டுள்ளன; வெளியே எடுத்தால் உலர்ந்து சிதையும் என்பதால் நீரிலேயே வைத்திருக்கிறார்கள். எஞ்சிய கப்பலை ஆற்றிலிருந்து எடுப்பது ஆகாது, கிடந்த இடத்திலேயே காப்பது நன்று என ஆய்வறிக்கையும் வந்துவிட்டது. மரத்தைக் காக்க இத்துணை ஆய்வு! வேண்டியதே. அவ்வாறாயின், அம்மரத்தில் வந்தவர்கள் விலைகொடுத்து வாங்கிய நிலத்தைச் சுற்றிலும் இனி ஆலையும் எண்ணெய்த் தொட்டியும் எழாவண்ணம் காக்கவும், வெறுமையாய்க் கிடக்கும் மனைகளில் வீடு எழுப்பவும், இடித்த கடைத்தெருவுக்கு ஈடு செய்யவும் அம்மாநில அரசும் நகராட்சியும் முன்வர வேண்டாவோ? மீகர் மரபினர் நிலத்தில் ஒரு பங்கையேனும் ஊரார்க்குத் திருப்பித் தருதல் பெருங்கொடையும் ஆகாது. மரம் வெட்டுமிடத்தில் கொசுலா வாய்விட்டுக் கேட்டது அதைத்தான்.